கண் கண்ட ஓசை



இலக்கியத் தொடர் ஒன்றிலே இசைக்கு என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். இயல், இசை, நாடகம் மூன்றையும் ஒரே தமிழாக எண்ணியவர்கள் நம் முன்னோர் என்பது ஒரு பதில். இன்னொரு பதில் இந்தத் தொடரிலேயே இருக்கிறது. ஒலிவாங்கியின் முன்னால் இருந்து நான் பேசுவது காற்றோடு போய்விடுகிறது. அதே பேச்சு சில நாட்களில் பத்திரிகையில் எழுத்தாக உங்கள் கைக்கு வருகிறது. கேட்டவர் சிலர், வாசிப்பவர் சிலர். இரு சாராருக்கும் கிடைப்பது ஒன்றுதானா? சொற்கள் ஒன்றுதான். ஆனால் எங்கே குரல் தாழ்ந்தது, எங்கே மூச்சு வாங்கியது, எந்தச் சொல்லைச் சற்றுத் தயங்கிச் சொன்னேன் என்பவற்றை அச்சிலே காணமுடியாது. காற்புள்ளியும் முற்றுப்புள்ளியும் அவற்றில் ஒரு சிறு பங்கையே காட்டும்.

மறைந்துபோகும் ஓசையைக் கண்ணுக்குத் தெரியும் பொருளாக்க மனிதன் நெடுங்காலமாக முயன்று வந்திருக்கிறான். கல்லிலே வெட்டினான், ஓலையிலே கீறினான், மணலிலே கோலமாக்கினான், கரித்தாளிலே கோடாக இழுத்தான். பரந்தனில் இருந்துகொண்டு இந்த வரலாற்றை நான் எடுத்துக்கொள்வதற்குக் காரணம் உண்டு. எங்கள் பகுதிக் கூத்துக்கள் பலவற்றின் பாடல்கள் கொப்பிகளில் இருக்கின்றன. அவற்றின் மெட்டுக்களோ சில முதியவர்களின் தொண்டையில் மாத்திரமே இருக்கின்றன. எழுத்து எதைக் காப்பாற்றும், எதைக் கைவிடும் என்பது எங்களுக்கு இன்று பொழுதுபோக்குக் கேள்வி அன்று.

முதலில் நமது எழுத்தையே பார்ப்போம். எழுத்தின் ஓசையை அளப்பதற்குத் தொல்காப்பியர் எடுத்துக்கொண்ட அளவுகோல் இரண்டு: கண் இமைப்பும் கைந்நொடிப்பும். காதுக்குரிய பொருளை அளக்கக் கண்ணின் அசைவு துணைக்கு வந்தது. குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை. அதற்கு மேலும் ஓசை நீள வேண்டிய இடத்தில் நெடிலின் பக்கத்தில் அதன் இனக் குறிலை எழுதினார்கள். ஆஅ, ஓஒ என்று செய்யுளில் வருவதை அளபெடை என்று பள்ளிக்கூடத்திலே பாடமாக்கியிருப்போம். பரீட்சைக்காகப் படித்த அந்தச் சின்ன எழுத்து, பாடுகின்றவனுக்கு ஏடு எழுதியவன் விட்டுச் சென்ற அடையாளம். இங்கே நீட்டு என்பது அதன் பொருள்.

ஆனால் தொல்காப்பியர் ஓர் எல்லையும் போட்டார். இசையோடு சேரும்போது எழுத்துக்கள் தம் அளவைக் கடந்து ஒலிப்பதுண்டு என்றும், அதை யாழ் நூலார் சொல்வார்கள் என்றும் கூறி நிறுத்திக்கொண்டார். இலக்கணம் எவ்வளவு தூரம் போகும் என்பதை அறிந்து நின்ற பேராசிரியனின் அடக்கம் அது. நமது துர்ப்பாக்கியம், அவர் கைகாட்டிய பழைய யாழ் நூல்கள் நமக்குக் கிடைக்கவில்லை.

ஓலை போனாலும் கல் நிற்கும் அல்லவா? தமிழ்நாட்டின் ஈரோட்டுக்கு அருகே அறச்சலூர் என்றோர் ஊர். அங்குள்ள நாகமலைக் குகைத்தளத்தில் 1960களின் தொடக்கத்தில் புலவர் செ. இராசு சில கல்வெட்டுக்களைக் கண்டறிந்தார். தமிழ்ப் பிராமி எழுத்து. கிறிஸ்துவுக்குப் பிந்திய முதல் நான்கு நூற்றாண்டுகளுக்குள் அடங்கும் என்று அறிஞர் மதிப்பிடுகின்றனர். அவற்றிலே ஐந்து வரிகள், வரிக்கு ஐந்து எழுத்துக்கள். த, தா, தை, தே என்ற ஓசைகள்தாம் மாறி மாறி வருகின்றன. இடமிருந்து வலமாக வாசித்தாலும் மேலிருந்து கீழாக வாசித்தாலும் ஒன்றுபோலவே வரும்படி அடுக்கப்பட்டிருக்கின்றன. இந்த எழுத்துக்களைச் சேர்த்தவன் மணிய வண்ணக்கன் தேவன் சாத்தன் என்று பக்கத்திலே பெயரும் உண்டு. வண்ணக்கன் என்றால் பொன்னையும் காசையும் நோட்டம் பார்ப்பவன். காசு நோட்டம் பார்த்த கை, தாளத்தையும் நோட்டம் பார்த்து அடுக்கியிருக்கிறது. எங்கள் ஊர் அண்ணாவியார் ஒருவரை அந்தப் பாறைக்கு முன்னால் நிறுத்தினால், இது தாளக்கட்டு என்று உடனே சொல்லிவிடுவார். எந்தக் காலத்தில் ஆடுவது, எந்த இடத்தில் அடி மாறுவது என்று கேட்டால், அதைப் பாறைதான் சொல்லவேண்டும் என்பார். பாறை சொல்லாது.

இரண்டாவது கல் புதுக்கோட்டை மாவட்டத்துக் குடுமியான்மலையில் இருக்கிறது. கோயிலின் பின்னாலே மலைச்சரிவில் ஏறக்குறைய பதின்மூன்று அடிக்குப் பதினான்கு அடி அளவில் செதுக்கப்பட்ட சுரக் கல்வெட்டு. ஏழாம் நூற்றாண்டை ஒட்டிய கிரந்த எழுத்து. ஏழு இராகங்களுக்கு ஏழு பகுதிகள். சுரங்கள் நான்கு நான்காகத் தொகுக்கப்பட்டிருக்கின்றன. ஒரே சுரத்துக்கே ச, சி, சு, செ என்பது போல நான்கு உயிர்கள் ஏறிய வடிவங்கள் உண்டு. சில எழுத்துக்களின் தலையிலே புள்ளிகளும் உண்டு. மகேந்திரவர்மப் பல்லவன் வெட்டுவித்தது என்று சொல்வாரும் உளர், மறுப்பாரும் உளர். உருத்திராசாரியரின் மாணவனும் சிவபத்தனுமாகிய ஓர் அரசன் செய்தது என்ற அளவில் கல்வெட்டே சொல்கிறது. யாருக்காகச் செய்தான் என்பதையும் அது சொல்கிறது: மாணவர்களின் நன்மைக்காக.

நேயர்களே, அந்த ஒரு குறிப்பு என்னை மிகவும் தொட்டது. அரசனின் வெற்றியைக் கல்லில் வெட்டியதை நாம் அறிவோம். கோயிலுக்கு விட்ட நிலத்தை வெட்டியதை அறிவோம். பாட்டுப் படிக்கும் பிள்ளைகளுக்காக ஒரு பாறை முழுவதையும் பாடப் புத்தகமாக்கிய மனத்தை என்னவென்று சொல்வது! ஆனால் அந்த மாணவர்களின் பரம்பரை எங்கேயோ அறுந்துபோயிற்று. இன்று நிபுணர்கள் அந்தச் சுரங்களை வாசிக்கிறார்கள். நான்கு உயிர்களும் தலைப்புள்ளிகளும் எவற்றைக் குறித்தன என்பதில் அவர்களுக்குள் ஒத்த கருத்து இல்லை. எழுத்து அழியவில்லை, அதைக் கண்டவுடன் பாடத் தெரிந்த வாய்தான் இல்லாமற் போயிற்று.

இதே இழப்பை நம் முன்னோர் வேறொரு முறை சந்தித்தார்கள். தேவார ஏடுகள் தில்லையிலே கறையான் புற்று மூடிக் கிடந்ததையும், சோழ மன்னனும் நம்பியாண்டார் நம்பியும் அவற்றை மீட்டதையும் திருமுறைகண்ட புராணம் கூறுகிறது. அந்தக் கதையிலே பலரும் விரைந்து கடந்துபோகும் பகுதி ஒன்று உண்டு. பதிகங்கள் கிடைத்துவிட்டன. ஆனால் அவற்றைப் பாடும் பண்முறை ஏட்டிலே இல்லை. மன்னனும் நம்பியும் திருஎருக்கத்தம்புலியூருக்குச் சென்றார்கள். திருநீலகண்ட யாழ்ப்பாணரின் மரபிலே வந்த ஒரு பெண்ணைக் கண்டு, அவரைக் கொண்டே பண்களை வகுப்பித்தார்கள் என்பது புராணம் தரும் செய்தி. அரசனுடைய அதிகாரமும் அந்தணருடைய ஏடும் போய் நின்ற இடம் ஒரு பாணர் குலப் பெண்ணின் குரல். எழுத்து விட்ட இடைவெளியை நிரப்ப ஓர் ஆள் மிஞ்சியிருந்தார். அவரும் இல்லாதிருந்தால்?

பிற்காலத்தில் அந்த இடைவெளியை எழுத்தாலேயே நிரப்பிவிட முயன்ற பெரியவர் சுப்பராம தீட்சிதர். எட்டயபுரத்து அரண்மனை வித்துவான். 1904 இல் அவர் வெளியிட்ட சங்கீத சம்பிரதாய பிரதர்சினி தெலுங்கு எழுத்தில் அமைந்த பெருநூல். ஏறக்குறைய ஆயிரத்து எழுநூறு பக்கங்கள். இதற்குத் தூண்டுகோலாக இருந்தவர்களில் ஒருவர் சின்னசாமி முதலியார் என்ற கிறிஸ்தவ அன்பர். நமது கீர்த்தனங்களை ஐரோப்பியரின் ஐந்து கோட்டு இசைக்குறியில் அச்சிடவேண்டும் என்று 1890களிலே உழைத்தவர் அவர். தீட்சிதர் ச, ரி, க, ம என்ற எழுத்து முறையைக் கைவிடவில்லை. ஆனால் வெறும் எழுத்துப் போதாது என்பதையும் கண்டார். சுரம் அசைவதற்கு ஒரு நெளிகோடு, கீழிருந்து மேலே வழுக்குவதற்கு ஒரு சாய்கோடு, மேலிருந்து கீழே வழுக்குவதற்கு எதிர்ப்புறம் சாய்ந்த கோடு என்று கமகங்களுக்குத் தனித்தனி அடையாளங்களை வகுத்து அச்சேற்றினார். முத்துசுவாமி தீட்சிதரின் கீர்த்தனங்கள் இவ்வளவு செம்மையாக இன்றும் நிலைப்பதற்கு அந்த நூல் பெருந்துணை.

அப்படியிருந்தும், கமகம் தெரியாத ஒருவர் அந்த நெளிகோட்டைப் பார்த்துக் கமகத்தைக் கற்றுக்கொள்ள முடியாது. எத்தனை முறை அசைவது, எவ்வளவு அழுத்துவது என்பது குருவின் வாயிலிருந்து வரவேண்டும். நமது யாழ்ப்பாணத்துத் தவில் மேதை தெட்சணாமூர்த்தியை நினைத்துப் பாருங்கள். 1933 இல் பிறந்து 1975 இல் மறைந்தவர். அவர் வாசித்த சொற்கட்டைத் தகதிமி, தகிட என்று யாரும் எழுதிவிடலாம். அந்த நாதம் ஒலிப்பதிவிலே தானே இருக்கிறது?

இனி எழுத்தை விட்டு மணலுக்கு வருவோம். ஜேர்மனியைச் சேர்ந்த கிளாட்னி என்பவர் 1787 இல் ஒரு நூல் வெளியிட்டார. உலோகத் தகட்டிலே மெல்லிய மணலைத் தூவி, விளிம்பை வயலின் வில்லால் இழுத்தார். தகடு ஒலித்தது, மணல் துள்ளி ஓடி நட்சத்திரமும் வட்டமும் கட்டங்களுமாகக் கோலம் போட்டது. சுருதி மாறினால் கோலமும் மாறியது. பின்னர் பாரிஸ் நகரில் நெப்போலியன் முன்னிலையிலும் அவர் இதைச் செய்துகாட்டினார். அந்தக் கோலத்தின் காரணத்தைக் கணிதத்தால் விளக்குவோருக்கு அங்கே பரிசு அறிவிக்கப்பட்டது. 1816 இல் அந்தப் பரிசைப் பெற்றவர் சோபி ஜேர்மேன் என்ற பெண்மணி.

இதே மணல் நமது மிருதங்கத்தின் மீதும் விழுந்தது. தூவியவர் திருச்சிராப்பள்ளியில் பிறந்த சேர். சி. வி. இராமன். சாதாரணமான தோற்கருவி ஒன்றை அடித்தால் அதன் மேலொலிகள் ஒன்றோடொன்று இசையமாட்டா. அடிப்படை ஒலி ஒன்று என்றால் அடுத்தது ஏறக்குறைய 1.59 ஆக இருக்கும். ஆகவே அது சத்தமாகக் கேட்குமேயன்றிச் சுருதியாகக் கேட்காது. ஆனால் மிருதங்கத்தின் வலந்தரையிலே நமது தொழிலாளர்கள் கிட்டக்கல் பொடியையும் சோற்றையும் குழைத்துப் பூசிப் பூசி ஏற்றுகின்ற கரணை, அந்த மேலொலிகளை ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து என்ற ஒழுங்குக்குக் கொண்டுவந்துவிடுகிறது. இராமன் சிவகாளிகுமார் என்பவரோடு சேர்ந்து 1920 இல் இதை அறிவித்தார். 1934 இல் விரிவான கட்டுரை எழுதினார். தோலின்மேல் மணலைத் தூவி ஒவ்வோர் ஒலிக்கும் உரிய கோலத்தைக் காட்டினார். இரண்டாம் ஒலிக்குத் தோலை நடுவாகப் பிரிக்கும் ஒரு கோடு. அடுத்த ஒலிகளுக்குக் கோடுகள் கூடுகின்றன. தோலைத் தொட்டுப் பிழைத்ததற்காகச் சமூகம் தள்ளிவைத்த மக்களின் கைவேலையிலே இத்தனை நுட்பமான பௌதிகம் ஒளிந்திருந்ததை அந்த மணல் காட்டிக்கொடுத்தது.

நீங்களும் வீட்டிலே செய்து பார்க்கலாம். வானொலிப் பெட்டியின் ஒலிபெருக்கியை மேலே பார்க்க வைத்து, அதன்மேல் ஒரு கடதாசியைப் பரப்பி, நன்றாக உலர்ந்த குருமணலைத் தூவி, சத்தத்தைக் கூட்டுங்கள். மணல் எங்கே போய்ச் சேருகிறது என்று கவனியுங்கள். அதிர்கின்ற இடத்தில் மணல் நிற்காது. அதிராத இடத்திலேதான் குவியும். நாம் வியந்து பார்க்கும் கோலம் ஓசை அடங்கி நிற்கும் இடங்களின் படம். ஓசை துள்ளிய இடங்கள் வெறுமையாகக் கிடக்கும். நமது சுர எழுத்தும் இப்படித்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. ச, ரி, க, ம என்பவை இசை நின்ற இடங்கள். ஒன்றிலிருந்து மற்றதற்கு அது நடந்த வழி எழுத்துக்களுக்கு நடுவே வெறுமையாகவே இருக்கிறது. அறச்சலூரிலும் குடுமியான்மலையிலும் நாம் காண்பது நின்ற இடங்களைத்தான்.

நடந்த வழியையே பிடிக்க நினைத்தவர் பாரிசைச் சேர்ந்த ஸ்கொட் டி மார்ட்டின்வில். அச்சுத் தொழிலாளி. காதின் அமைப்பைப் பார்த்து, ஒரு கூம்பின் அடியில் மெல்லிய தோலையும் அதில் ஒரு தூரிகை மயிரையும் பொருத்தினார். புகைக்கரி படிந்த தாளைச் சுற்றிய உருளையின்மேல் அந்த மயிர் குரலுக்கேற்ப நெளிந்து கோடு கீறியது. 1857 இல் இதற்கு உரிமைப் பத்திரம் பெற்றார். எடிசனுக்கு இருபது ஆண்டுகள் முந்தியவர். ஆனால் அந்தக் கோட்டை மீண்டும் ஒலிக்கச் செய்யும் எண்ணமே அவருக்கு இருக்கவில்லை. குரல் தானே எழுதிய எழுத்தாக அதை மனிதர் கண்ணால் வாசிப்பார்கள் என்று நம்பினார். யாராலும் வாசிக்க முடியவில்லை.

1860 ஏப்ரலில் அவர் பதிந்த தாள் ஒன்றை அமெரிக்க ஆய்வாளர்கள் 2008 மார்ச்சில் கணினியின் உதவியால் ஒலிக்கச் செய்தார்கள். பிரெஞ்சு நாட்டுப் பாடல் ஒன்றின் சில விநாடிகள். கேட்டவர்களுக்கு ஓர் இளம்பெண்ணின் குரலாகத் தோன்றியது. மறு ஆண்டிலே வேறு உண்மை தெரியவந்தது. வேகத்தை இரட்டித்து வாசித்துவிட்டார்கள். சரியான வேகத்தில் ஒலித்தபோது அது ஓர் ஆணின் குரல், அநேகமாக ஸ்கொட்டின் சொந்தக் குரல். அதே தாளில் இசைக்கவையின் அதிர்வையும் அவர் பக்கத்திலே பதிந்து வைத்திருந்தமையால்தான் வேகத்தைத் திருத்தவே முடிந்தது. பாட்டைப் பதிந்தால் மட்டும் போதாது, எந்த அளவில் அளப்பது என்பதையும் பதியவேண்டும். தொல்காப்பியரின் கண்ணிமைப் பொழுது நினைவுக்கு வருகிறதா?

2008 என்ற ஆண்டு நமக்கு வேறு விதமாக நினைவிருக்கும். அவ்வாண்டின் பிற்பகுதியில் கிளிநொச்சி, பரந்தன் பக்கத்துச் சனங்கள் வீடுவாசலை விட்டுக் கிழக்கு நோக்கி வெளிக்கிட்டார்கள். உழவு இயந்திரப் பெட்டிகளிலே பாயும் சட்டிபானையும் நெல்மூட்டையும் ஏறின. மத்தளமும் உடுக்கும் ஹார்மோனியமும் எத்தனை வீடுகளிலே ஏறியிருக்கும்? கூத்துக் கொப்பிகள் எத்தனை மழையிலும் பதுங்குகுழியிலும் கரைந்திருக்கும்? 1981 இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தபோது போன ஏடுகளைப் பற்றி நாம் பேசுகிறோம், பேசவேண்டும். கிராமத்து வீட்டுப் பெட்டகங்களிலே இருந்து போனவற்றுக்குக் கணக்கே கிடையாது.

தப்பிய கொப்பி ஒன்றை நான் பார்த்தேன். காத்தவராயன் கூத்துக் கொப்பி. காணி உறுதியோடு சேர்த்துப் பொலித்தீன் பையிலே சுற்றி அதைக் கொண்டு திரிந்த முதியவரே எனக்குக் காட்டினார். முன் ஏடுகள் இல்லை. ஒரு பாட்டுக்குத் தலைப்பிலே முன் தருவின் மெட்டு என்று எழுதியிருந்தது. முன் தரு இருந்த ஏடு போய்விட்டது. அது எது என்று கேட்டேன். அவருக்கு நினைவு வரவில்லை. சற்றுப் பொறுத்து, "தாளத்தைப் போடு தம்பி, பாட்டுத் தானா வரும்" என்றார். நான் தொடையிலே தட்டினேன். அவர் என் கையைப் பிடித்து வேகத்தைக் குறைத்தார். பிறகு பாடினார். முழுமையாக வந்தது. கொப்பியிலே நின்ற இடம் இருந்தது. நடந்த வழி அவர் கையிலும் தொண்டையிலும் இருந்தது.

அதனால் எழுத்து வீண் என்று முடிவு கட்டிவிடக்கூடாது. நம் காரைதீவிலே பிறந்த விபுலாநந்த அடிகள் சிலப்பதிகாரத்தின் அடிகளையும் உரைகளையும் வைத்துக்கொண்டு, அழிந்துபோன யாழ்களின் அமைப்பையும் நரம்புகளின் கணக்கையும் பல்லாண்டு உழைத்து மீட்டெடுத்தார். 1947 ஜூன் மாதத்தில் திருக்கொள்ளம்பூதூர்க் கோயிலிலே யாழ் நூல் அரங்கேறியது. அடுத்த மாதமே அவர் மறைந்தார். இளங்கோவடிகள் எழுதிவைத்தமையால்தான் விபுலாநந்தருக்கு வேலை இருந்தது. பேராசிரியர் சு. வித்தியானந்தன் மன்னார்ப் பகுதி நாட்டுக்கூத்து ஏடுகளை 1960களில் அச்சிலே பதிப்பித்தமையால்தான் அந்தப் பாடல்கள் இன்று நம் கையில் இருக்கின்றன. எழுதாத பாட்டுக்கு எந்த ஆய்வாளராலும் உயிர் கொடுக்க முடியாது.

ஆகவே இரண்டும் வேண்டும். முல்லைத்தீவுப் பகுதியின் கோவலன் கூத்து, ஊருக்கு ஊர் ஆடிய காத்தவராயன், வயலிலே பாடிய அருவி வெட்டுப் பாட்டு, இவற்றைத் தெரிந்தவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். பாட்டை எழுதுங்கள்; பக்கத்திலே தாளக்கட்டையும் எழுதுங்கள். முன் தருவின் மெட்டு என்று எழுதாமல், அந்த மெட்டின் முதலடியையே எழுதுங்கள். பாடியவர் பெயர், ஊர், யாரிடம் பழகினார் என்பதைக் குறியுங்கள். இப்போது பிள்ளைகளின் கைத்தொலைபேசியிலே குரலைப் பதியலாம். பதியும்போது திரையிலே நெளிந்து ஓடும் கோடு ஸ்கொட்டின் கரித்தாளில் ஓடிய அதே கோடுதான். பாடுகிறவர் தாளம் போடும் சத்தத்தையும் அதிலே விழ விடுங்கள். அதுவே நமது இசைக்கவை. பதிந்ததை ஒரே இடத்தில் வைத்திராதீர்கள். ஈழத்து எழுத்தாவணங்களை 2005 முதல் எண்ணிம வடிவில் சேர்த்துவரும் நூலகம் போன்ற முயற்சிகளுக்கும் ஒரு பிரதி போகட்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, அந்த முதியவருக்குப் பக்கத்திலே ஒரு பிள்ளையை இருத்துங்கள். குடுமியான்மலையில் பாறை முழுவதும் சுரம் வெட்டியவன் மாணவர்களுக்கு என்றுதான் எழுதினான். பாறை பத்திரமாக இருக்கிறது. அந்த மாணவர்கள்தான் இல்லை. நமது கொப்பிகளுக்கு அப்படி ஒரு நிலை வரவேண்டாம். அடுத்த கூத்து ஆடும் வரை காத்திராமல் இந்த வாரமே உங்கள் ஊரில் ஒருவரைக் கண்டு, ஒரு பாட்டைப் பாடச் சொல்லிக் கேளுங்கள்.